மீன் முழுங்கிச்சா, இல்லையா?

"இனிமே இந்தச் சபைக்கு வரமாட்டேன் பாஸ்டர்," என்றார் மூப்பர் வெண்டல் மெக்லூர், உட்காராமலே.

பாஸ்டர் ஃபிஸ்க் தம் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு வெண்டல்?"

"யோனாவை மீன் முழுங்கிச்சுன்னு பைபிள்ல இருக்கு. நீங்க 'முழுங்கியிருக்கலாம்'னு பிரசங்கம் பண்றீங்க. அதென்ன 'லாம்'? இன்னைக்கு மீன் போகும், நாளைக்கு ஏதேன் தோட்டம் போகும். கடைசியில சபை விருந்து மட்டும்தான் மிஞ்சும்."

"நான் ஒரு விஷயம் சொல்லணும்..."

"இதுவரை சொன்னதே போதும்."

அவர் போன சூட்டோடு லொரெய்ன் பெட்ரி உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. சபையில் முற்போக்குக் கோஷ்டிக்குத் தலைவி.

"அது வெறும் உவமைன்னு நேரா சொல்ல என்ன பயம் பாஸ்டர்? மீன் வயித்துக்குள்ள போனா மனுஷன் என்ன ஆவான்னு எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும். வெண்டலுக்குப் பயந்து வழவழன்னு 'லாம்' போடுறீங்க. நான் வேற சபை பாத்துக்கறேன்."

"தாராளமா பாத்துக்கோங்க," என்றார் பாஸ்டர். அவர் முகம் மலர்ந்தது லொரெய்னுக்குப் பிடிக்கவில்லை.

வெண்டல் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சபைச் செய்தி ஏதோ சொல்ல வாயெடுத்த மனைவி நேடினிடம், "அந்தப் பேச்சே இந்த வீட்ல கூடாது," என்றுவிட்டார். அவளும் தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பி ஊற்றினாள்.

ஆனால் பாட்டுப் பாடாத ஞாயிறு அவருக்கு ஞாயிறாகவே இல்லை. ஆற்றுக்கு அக்கரைச் சபையில் புது பாஸ்டர் வருகிறார் என்று முடிதிருத்தும் கடையில் காதில் விழவும், அடுத்த வாரமே ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் யாரோ குடையை மடக்கினார்கள். லொரெய்ன்.

"நீ எங்க இங்க?"

"அதை நான் கேக்கணும். புது பாஸ்டர் நல்லா படிச்சவராம்."

"பைபிளை அப்படியே நம்புறவர்னு நான் கேள்விப்பட்டேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துப் பாடினார்கள். பழகிய குரல் பக்கத்தில் கேட்டது இருவருக்குமே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புது பாஸ்டர் பிரசங்க மேடை ஏறினார். முன்வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மைக் போட்டிருப்பதை மறந்து, பாஸ்டர் ஃபிஸ்க் முனகினார்:

"உங்க ரெண்டு பேருக்கும் பயந்துதானே இங்க ஓடி வந்தேன்."