பெரிய டிஸ்க்

சைக்கிள் கடைக்காரர் பழைய பிரேக் டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரேக் உரசும் இடம் நகம் சிக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"எறக்கத்துல ரொம்ப சூடேறியிருக்குக்கா. ரெண்டு பேர் எடையும் சேத்து எவ்ளோ வரும்?"

"நூத்தம்பது கிலோன்னு வச்சுக்கோங்க."

அது இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள். முன்னால் அவள், பின்னால் அவளுடைய தம்பி. தம்பிக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. பதினோரு வருடமாகக் காலையில் அவனை வேலைக்கு அழைத்துப்போவதும் மாலையில் திரும்ப அழைத்துவருவதும் அவள்தான்.

வழியில் ஒரு பெரிய இறக்கம். அது முடிகிற இடத்தில் லாரிகள் திரும்பும் முக்கு.

அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவன், இறக்கம் தொடங்கியதும் கப்சிப்பென்று ஆகிவிடுவான். கீழே வந்து சேர்ந்த பிறகுதான் வீரம் வரும். "வண்டிக்கு எஞ்சினே நான்தான். நீ வெறும் ஹாரன்" என்பான்.

கடைக்காரர் மேசைமேல் இரண்டு டிஸ்க்குகளை வைத்தார். ஒன்று பழைய அளவு. இன்னொன்று சின்னத் தட்டு அகலம், கனமும் அதிகம்.

"இத்தன நாளா சின்னதுலதான ஓட்டுனீங்க? அதுவே போதுமேக்கா."

"நான் ஓட்டுனேன். எங்க புடிக்கணும், எங்க விடணும்னு எனக்குத் தெரியும்."

பெரியதையே இரண்டு சக்கரத்துக்கும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து தானே மாட்டினாள். சக்கரத்துக்கு ஆறு போல்ட். ஒன்றை முறுக்கிவிட்டு அதற்கு எதிரில் இருப்பதை முறுக்கினாள். விரல் பட்ட இடத்தையெல்லாம் ஸ்பிரிட்டால் துடைத்தாள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். எங்கும் உரசவில்லை.

புது டிஸ்க் பிடிக்கப் பழக வேண்டும். வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் பிரேக் பிடித்து, மறுபடி வேகமெடுக்க வேண்டும். இருபது தடவையாவது.

ஆள் நடமாட்டமில்லாத தெருவாகப் பார்த்துத் தனியே ஓட்டினாள். பின்னால் பாரமில்லாத வண்டி சின்னக் குழிக்கெல்லாம் துள்ளியது. அவள் மிதிக்க மிதிக்க, பின்பக்கத்துப் பெடல்களும் கால்களில்லாமல் கூடவே சுற்றின.

பதினான்கோ பதினைந்தோ ஆனபோது எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. உள்ளே தம்பி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் குரல் கொடுத்தான்.

"அக்கா, இன்னுமா முடியல?"

"ஆச்சுடா. ஒரே ஒரு வேலதான் பாக்கி."

முன்சீட்டின் போல்ட்டைத் தளர்த்தினாள். பதினோரு வருடமாக ஒரே உயரத்தில் இருந்த சீட். துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. எண்ணெய் விட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டி, மெல்ல இறக்கினாள்.

நான்கு விரல் அளவு.

சீட்டின் நேர் பார்த்து, போல்ட்டை இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

நாளைக் காலையில் தம்பியின் புது மனைவிக்குக் கால் எட்ட வேண்டும்.