முட்டிவலி

“கழட்டச் சொல்லாதீங்க சார்! அதைக் கழட்டினா அவரால ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாது.”

விமான நிலையச் சோதனை வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சத்தம் போட்டவர் ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலேயே ஒரு மைதானத்தை அடக்கிப் பழகிய குரல், கேட்கவா வேண்டும்!

சோதனை அதிகாரி கையிலிருந்த கருவியை மறுபடி டீச்சரம்மாவின் கணவர் காலருகே கொண்டுபோனார். வலது முழங்கால் வந்ததும் அது கீ கீ என்று கத்தியது. பேன்ட்டுக்கு மேலேயே கட்டியிருந்த முட்டிப் பட்டையில், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி.

“கம்பி இருக்கே சார். கழட்டிக் குடுங்க, மெஷின்ல விட்டுப் பாத்துட்டு உடனே தந்துடறேன்.”

“பயங்கர முட்டிவலி தம்பி. இப்படியே விட்டுட முடியாதா?”

“முடியாது சார். ரூல் அப்படி.”

கணவரின் நெற்றி வியர்த்தது. வலியில் வியர்க்கிறவர்களை அதிகாரி நிறையப் பார்த்திருக்கிறார். இவர் வலியைவிட எதற்கோ அதிகம் பயப்படுவதாகத் தெரிந்தது. அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது.

“உள்ள ரூமுக்கு வாங்க, அங்க பாத்துக்கலாம்.”

“நானும் வரேன்,” என்றார் டீச்சரம்மா.

“நீங்க அந்தப் பக்கம் மேடம்கிட்ட போங்கம்மா. உங்களையும் கையாலதான் செக் பண்ணணும்.”

இதயத் துடிப்பைச் சீராக்கும் சின்னக் கருவி ஒன்று டீச்சரம்மாவின் நெஞ்சுக்குள் இருந்தது. வரிசையில் நிற்கும்போதே, பையில் குடை இருக்கிறது என்று சொல்வதுபோல அதைச் சொல்லியிருந்தார்.

“எனக்கென்ன, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவரைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. ஆமை தோத்துடும் இவர்கிட்ட! பொண்ணுக்கு நாளைக்குப் பிரசவம்னா, இவரால நாங்க பேரனோட காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவோம் போலிருக்கு.”

அறைக்குள் திரையை இழுத்துவிட்டதும் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தார். அதிகாரி அதை வெளியே கொடுத்து மெஷினில் விடச் சொன்னார். சந்தேகப்படும்படி அதில் எதுவும் இல்லை.

“மெதுவா எழுந்திருங்க சார். சுவரைப் பிடிச்சுக்கங்க.”

கணவர் சுவரைப் பிடிக்கவில்லை. எழுந்தார், நின்றார். நடக்கச் சொன்னதும் கதவுவரை போய்த் திரும்பினார். அந்த நடையில் நொண்டலின் சுவடே இல்லை.

“சார், உங்க முட்டிக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

அதிகாரியின் கை வாக்கிடாக்கிக்குப் போனது. “அப்புறம் எதுக்கு சார் இந்த நாடகம்?”

“சத்தமாப் பேசாதீங்க தம்பி, அவ காதுல விழுந்துடும்.” கணவர் கிட்டத்தட்டக் கைகூப்பிவிட்டார். “அவளுக்கு இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. வேகமா நடக்கவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். கேக்கணுமே! ஓட்டப்பந்தயம் சொல்லிக் குடுத்தவ, யாருக்கும் பின்னாடி நடந்து பழக்கமில்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான், கடைத்தெருவுல விறுவிறுன்னு போய் மூச்சு முட்டி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. மெதுவா வாம்மான்னேன். ‘என்னைச் சீக்காளியாக்காதீங்க’ன்னு அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசல. அப்புறம்தான் நான் நொண்ட ஆரம்பிச்சேன்.”

“நீங்க நொண்டினா?”

“என்னை விட்டுட்டுப் போக மாட்டா. திட்டிக்கிட்டே கூட வருவா.”

அதிகாரி வாக்கிடாக்கியிலிருந்து கையை எடுத்தார். “அவங்களுக்குத் தெரிஞ்சா?”

“மறுபடி ஓடுவா தம்பி. அடுத்த தடவை பிடிச்சுக்கப் பக்கத்துல சுவர் இருக்குமோ என்னமோ.”

அதிகாரி தரையில் மண்டியிட்டு, தானே அந்தப் பட்டையை அவர் காலில் கட்டினார்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா சார்? அப்பதான் நிஜமாத் தெரியும்.”

வெளியே டீச்சரம்மா தன் சோதனையை முடித்துக்கொண்டு, கணவரின் செருப்பையும் கையில் எடுத்துவைத்துக் காத்திருந்தார். அதிகாரி வேண்டுமென்றே குரலை உயர்த்தினார்.

“அம்மா, சாரோட முட்டி ரொம்ப மோசமா இருக்கு. தயவுசெஞ்சு அவசரப்படுத்தாதீங்க. கேட்ல நான் பேசிட்டேன், நிதானமாப் போங்க.”

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?” என்று அதிகாரிக்கு ஒரு முறைப்பைக் கொடுத்துவிட்டு, டீச்சரம்மா கணவரின் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டார்.

அவர் நொண்டிக்கொண்டும் இவர் திட்டிக்கொண்டும் மெல்ல நடந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற பெண் அதிகாரியிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். “இப்படி ஒரு மனுஷன்! பாவம், அந்தம்மாவுக்கு இது தெரியவே போறதில்ல.”

பெண் அதிகாரி சிரித்தார்.

“நான் செக் பண்ணும்போதே அவங்க சொல்லிட்டாங்க சார். ‘அவர் காலுக்கு ஒண்ணுமில்லம்மா, நான் குளிக்கப் போனா மாடிப்படியில தடதடன்னு ஓடுற சத்தம் கேக்கும். உங்க ஆளு கண்டுபிடிச்சுட்டா அவரைத் திட்டிடாமப் பாத்துக்கங்க. அவர் நொண்டுறதை நிறுத்திட்டா, அப்புறம் நான் யாரைச் சாக்கு வச்சு மெதுவா நடக்கிறது?’”