மஞ்சள் விளக்கை அணைத்தவர்

மெக்கானிக் ராலிட்சா லேப்டாப்பை லாரியோடு இணைத்துத் திரையைப் பார்த்தாள். பக்கத்தில் ரூசே நகரப் போலீஸ் அதிகாரி வெலிச்கோவ் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். மூன்று நாளைக்கு முன், குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கிய டிரைவர் பிளாமென், இந்த கேபினிலேயே பிணமாகக் கிடந்தான்.

“புகை வடிகட்டியில அழுத்தம் ரொம்பக் கம்மி சார். புகை அங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே குழாய்ல விரிசல். புகை கேபினுக்குள்ள போயிருக்கு.”

“அப்போ டிரைவர் முன்னாடி மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருக்கணுமே?”

“எரிஞ்சிருக்கு. ஜனவரி பதினொண்ணாந் தேதி, குழாயைச் சரிபண்ணாம, கம்ப்யூட்டர்ல அந்தக் கோளாறுப் பதிவை மட்டும் அழிச்சு விளக்கை அணைச்சிருக்கு.”

லாரி முதலாளி ஆசென் குறுக்கே வந்தார். “பழைய வண்டி சார். தானா அழிஞ்சிருக்கும்.”

“தானா அழியாது,” என்றாள் ராலிட்சா.

“நீ சும்மா இரு.”

வெலிச்கோவ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு லோடுக்காக ஒரு உயிரைக் கொன்னுட்டு, இந்தப் பொண்ணை வேற மிரட்டுறியா?”

ஆசென் இரண்டு கைகளையும் நீட்டினார். “சரி சார். நான்தான் அழிச்சேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

அதிகாரி எழுதத் தொடங்கினார். ராலிட்சா லேப்டாப்பை மூடினாள்.

“அதை எழுதாதீங்க சார். எங்கப்பாவுக்கு இந்த லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாது. மறுநாள் வண்டி வியன்னா கிளம்பணும், திரும்பி வந்ததும் குழாயைப் பாத்துக்கலாம்னு நான்தான் அழிச்சேன். ‘விளக்கு அணைஞ்சிருச்சு, பயப்படாமப் போ’ன்னு பிளாமென்கிட்ட சொன்னதும் நான்தான்.”