ஓடாத டாங்கி

“இதைச் செஞ்சது யாரு? டாங்கியை ஒரு தடவையாவது நேர்ல பார்த்திருக்கானா அவன்?”

தலைவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

மாதிரி வண்டிகள் செய்கிறவர்களின் போட்டி அது. மேசை முழுக்கக் கையகல டாங்கிகள். நடுவர், ஆலைத் தொழிற்சங்கத்தின் பழைய தலைவர். மாதிரி வண்டிகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வேலைநிறுத்தத்தை உடைக்க டாங்கி வந்தபோது, அதன் முன்னால் போய்த் தரையில் படுத்தவர். டாங்கியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

என்னைக் கண்டுதான் டாங்கி நின்றது என்று அவர் பேசாத மேடை கிடையாது. எதிர்ச் சங்கத்துக்காரர்கள் மட்டும், டீசல் தீர்ந்திருக்கும் என்று இன்றுவரை கிண்டலடிப்பார்கள். அந்த ஒரு பேச்சு அவருக்கு நெஞ்சில் முள்.

இப்போது அவர் கண்டுபிடித்த குற்றம், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில். மற்றவர்கள் எல்லாரும் பட்டையில் சேற்றைப் பூசி, சக்கரம் உரசும் இடத்தில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். இந்த ஒரு டாங்கியில் அந்த இடத்திலும் துரு. இண்டு இடுக்கு விடாமல் துரு.

செய்தவர் பூட்டுக்கடைக்காரர். பழைய பூட்டுகளைச் சுரண்டி எடுத்த நிஜத் துருவைப் பசையில் குழைத்து, கண்ணி கண்ணியாகப் பூசியிருந்தார்.

“ஓடுற டாங்கியில அந்த இடம் வெள்ளி மாதிரி மின்னும்யா. தலைமாட்டுல வெச்சுப் பார்த்தவன் சொல்றேன்” என்று தாளில் கோடு கிழிக்கப் போனார் தலைவர்.

“நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா இது ஓடலீங்களே” என்றார் பூட்டுக்கடைக்காரர். “ஆலை வாசல்ல நின்ன டாங்கி. இழுத்துட்டுப் போக ஆள் வர்றதுக்குள்ள ஒரு மழைக்காலமே போயிடுச்சு.”

பேனா நின்றது. அப்படியானால் அது அவருடைய டாங்கி. போலீஸ் அன்றைக்கே அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டதால், அதற்கப்புறம் அது என்ன ஆனது என்று அவர் பார்த்ததில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“ஓட்டிட்டு வந்தது நான்தாங்க.”

மீதியை வாயைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. இன்னொருவன் ஏறி ஓட்டிவிடக் கூடாது என்று எஞ்சினைக் கெடுத்துவிட்டு இறங்கினாராம். உத்தரவை மீறியதற்கு ராணுவச் சிறையில் போட்டார்களாம். டாங்கி மழையில் துருப்பிடித்து நின்றதை அங்கே பேப்பரில் வந்த படத்தில்தான் பார்த்தாராம். ஜெயிலுக்குப் போனவன் பூட்டுக்கடை வைத்திருக்கிறான் என்று ஊர் சிரிக்குமே, அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை என்றார்.

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. சீருடை போட்ட அத்தனை பேரும் முதலாளியின் அடியாட்கள் என்று ஆயுள் முழுக்க முழங்கியவர். அவர் குரல் இறங்கியது.

“உள்ளே இருந்து நீ பார்க்கிற இடுக்கையேதான் நானும் பார்த்துட்டுக் கிடந்தேன். நீ என்னைப் பார்த்தியா? என்னைப் பார்த்துத்தானே நிறுத்தினே?”

கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பூட்டுக்கடைக்காரர் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஆமாங்க ஐயா. உங்களைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.”

தலைவர் அவர் கையைப் பற்றினார். பற்றிய கையை விடவில்லை. “வாங்க தோழர்” என்று மேடைக்கு அழைத்துப்போய் முதல் பரிசைக் கொடுத்தார். ஒரு காலத்தில் சீருடை போட்ட ஒருவரை அவர் தோழர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்தது. பூட்டுக்கடைக்காரர் தன் டாங்கியை எடுத்துப்போகப் பெட்டியோடு வந்தார். போட்டி நடத்திய செயலாளர் அம்மாள் அந்த டாங்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்டுறவர் பார்க்கிற இடுக்கு இவ்வளவு மேலே இருக்கே அண்ணே. முன்னாடி தரையில கிடக்கிறவங்க எப்படித் தெரிவாங்க?”

“தெரிய மாட்டாங்கம்மா. அவர் படுத்திருந்ததே ஜெயில்ல பேப்பர் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“அவர் உயிரைக் கொடுக்கத் துணிஞ்சு படுத்தது பொய்யில்லையேம்மா.”

“சரி, நீங்க எதைப் பார்த்து நிறுத்தினீங்க?”

அவர் டாங்கியை வாங்கிப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் மெதுவாக இறக்கினார்.

“வாசல்ல ஜனங்க உட்கார்ந்திருக்காங்கன்னு கிளம்பும்போதே சொன்னாங்கம்மா. நிறுத்துறதுக்கு அது போதாதா, கண்ணால வேற பார்க்கணுமா?”