பற்றவைத்த கூரை

பித்தளைத் தகட்டை வெட்டி வெட்டி, ஒரு முழ நீளத்தில் அமலதாஸ் செய்துகொண்டிருந்த நீராவி ரயில் எஞ்சினுக்கு அன்று கூரையும் ஏறிவிட்டது. ஈயம் உருக்கிப் பற்றவைத்து, அரத்தால் ராவி முடித்த பிறகுதான் டிரைவர் பொம்மை இன்னும் மேஜையிலேயே கிடப்பதைக் கண்டான். ஆளை உள்ளே ஒட்டிவிட்டு அப்புறம்தான் கூரையை மூடியிருக்க வேண்டும். தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

காப்பி கொண்டுவந்த மனைவி ரெஜினா குனிந்து, எஞ்சினின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தாள்.

"ஆளு அச்சு அசலா இருக்காருங்க. ஏன் முதுகக் காட்டி நிக்க வச்சீங்க?"

அவன் மேஜையில் கிடந்த பொம்மையைச் சட்டென்று கைக்குள் மூடிக்கொண்டான். உள்ளே அவன் யாரையும் வைக்கவே இல்லை. அவனும் குனிந்தான். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எள்ளளவு கை ஒன்று அதைத் துடைக்கத் தொடங்கியது.

"ஐயோ, மூச்சு முட்டுது போல. கூரையக் கழட்டுங்க!" என்றாள் ரெஜினா.

கழற்ற ஒரே வழிதான் உண்டு. ஈயம் இளகும்வரை கூரையைச் சுட வேண்டும். புகைந்துகொண்டிருந்த சால்டரிங் அயர்னை எடுத்து எஞ்சினுக்கு அருகே கொண்டுபோனான்.

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.