நாளைக்கு ஒரு வக்கீல்

மார்ச் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு ஐம்பது. மழை ஓய்ந்து புழுக்கம் தொடங்கியிருந்தது. இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குள் நுழைந்த அம்மாளுக்குத் தலையும் தோளும் நனைந்திருந்தன. பிளாஸ்டிக் உறையில் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த வழக்குக் காகிதங்கள் மட்டும் நனையவில்லை.

"பெத்தவங்க எல்லாரும் சரியா மூடுற நேரத்துக்குத்தான் வருவாங்க" என்று சாவிக்கொத்தைக் குலுக்கினார் அலுவலக உதவியாளர். ஐந்து மணிக்கு மேல் ஒரு நொடியும் தாங்காத அவருக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர்.

"அஞ்சு மணிக்கு மேல நியாயம் கிடையாதுன்னு வாசல்ல எழுதி ஒட்டிடுய்யா" என்றார் அதிகாரி. "நீங்க உட்காருங்கம்மா. என்ன விஷயம்?"

"நாளைக்குக் காலையில விசாரணை சார். அவனுக்கு இருந்த வக்கீல் விலகிட்டார். வேற ஆள் போடல."

"வக்கீல் வேணும்னு சிறையிலிருந்து கடிதம் வந்திருக்கணுமே?"

"வந்து மூணு வாரம் ஆச்சாம். கோர்ட்ல கேட்டேன். உங்க மேஜையிலதான் இருக்கணும்."

'பூட்டு' தேடினார். கடிதம் காலித் தேநீர்க் குவளைக்கு அடியில் இருந்தது.

அதிகாரி உறையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞரே இல்லாமல் நடந்த விசாரணை என்பதால், மேல் நீதிமன்றம் தண்டனையை நீக்கி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது.

"இதுக்குத்தானே போன தடவை தீர்ப்பையே தூக்கிட்டாங்க?" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா. அது அவனோட உரிமை."

இருபது ஆண்டுகளாக ஒப்பித்துவந்த பாடத்தை அவர் தொடங்கினார். குற்றச்சாட்டை அவனுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். வாய் திறக்காமலிருக்க அவனுக்கு உரிமை உண்டு. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். "எல்லாத்துக்கும் மேல, நிரூபணம் ஆகுற வரைக்கும் அவன் நிரபராதிம்மா."

அம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆறுதல் சொன்ன திருப்தியுடன் அதிகாரி படிவத்தை இழுத்தார்.

"கையோட ஜாமீன் மனுவும் போட்டுடலாமா?"

"ஜாமீன் வேண்டாம் சார்!" குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து தணித்துக்கொண்டார். "வக்கீல் போதும். ஆனா கத்துக்குட்டி வேண்டாம். வக்கீல் சரியில்லன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது. சாட்சிங்களைக் குடைஞ்செடுக்கிற ஆளா வேணும்."

"ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட மாட்டின சாட்சி அழாம இறங்கினதில்ல."

அம்மாள் சற்றுத் தயங்கினார். "அவரையே போடுங்க."

'பூட்டு' முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். அதிகாரி கையெழுத்திட்டார். தபாலில் போனால் நாளை மறுநாள்தான் சேரும். காலையில் தானே நீதிமன்றத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அம்மாள் கையை நீட்டினார்.

நியமன உத்தரவை அதிகாரி எழுந்து நின்று கொடுத்தார். "இப்படி ஒரு தாய் கிடைக்க உங்க மகன் கொடுத்து வச்சிருக்கணும்மா."

அம்மாள் மை காயும்வரை பொறுத்திருந்து, காகிதத்தை மடிக்காமல் உறைக்குள் வைத்தார்.

"எனக்கு மகன் கிடையாது சார். அவன் கொன்னது என் மகளை."