கண்ணுக்கு மூன்று, வாய்க்கு எட்டு

கதவை மறுபடியும் தட்டினார்கள்.

அவன் கழிப்பறைக்குள் நின்றபடி கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது.

இடது ஓரத்தில் பெரிய புள்ளி இருந்தால் எழுபத்து நான்கு.

அடியில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இருபத்தொன்பது.

உச்சியில் மச்சம் மாதிரி ஒன்று. எட்டு.

"சார், உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? அடுத்து நீங்கதான்!"

ஆஸ்பத்திரி உதவியாளர் மருதையின் குரல்.

"வந்துட்டேண்ணே!"

வரவில்லை. இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

ரயில் ஓட்டும் வேலை. எழுத்துத் தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறிவிட்டான். மிச்சம் இருப்பது கண் பரிசோதனை. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள் அடைத்த ஒரு புத்தகத்தைக் காட்டுவார்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எல்கேஜி பாடம்.

அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பைக்கில் போகும்போது மேல் விளக்கு எரிந்தால் நிற்பான், கீழ் விளக்கு எரிந்தால் கிளம்புவான். இத்தனை வருடம் அப்படியே ஓட்டியாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெருமுனையில் அவன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தாம். தன் பெயரை அவன் கண்ணை இடுக்கித்தான் படித்தான்.

காப்பாற்றியவன் கோச்சிங் வகுப்பு நண்பன் செல்வின். அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸை எங்கேயோ பிடித்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் விடையை எழுதி, படமெடுத்து அனுப்பியிருந்தான். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதனால் என்ன? நிறம் யாருக்கு வேண்டும்? எந்தப் பக்கத்தில் எந்தப் புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எல்லாம் மனப்பாடம். ஒரே ஒரு பக்கம் தவிர.

வலது கீழ் மூலையில் மூன்று குட்டிப் புள்ளிகள் வரிசையாக நிற்கும் பக்கம். அதன் கீழே விடை இல்லை. சின்னதாக ஒரு கோடு மட்டும்.

அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பான். சோம்பேறி.

கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. செல்வின் எடுக்கவில்லை.

'மச்சி, கோடு போட்டிருக்கியே, அந்தப் பக்கத்துக்கு என்னடா நம்பர்? அவசரம்.'

ஒற்றை டிக்.

கதவு இப்போது அதிர்ந்தது.

*

டாக்டர் அம்மா டீயைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. நடுவில் திறந்தார்.

"சொல்லுப்பா."

இடது ஓரம். பெரிய புள்ளி.

"எழுபத்து நாலு, மேடம்."

பக்கம் புரண்டது. அடியில் ஒட்டிய இரண்டு.

"இருபத்தொம்பது."

டக் டக்கென்று சொல்லிவிடாதே, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடி என்று செல்வின் எச்சரித்திருந்தான். நடித்தான்.

அடுத்த பக்கம். உச்சியில் மச்சம். ஆனால் வண்ணத்தில் பார்க்கும்போது நடுவில் வேறொன்று தெரிந்தது. தெளிவாகவே தெரிந்தது. மூன்று.

கண்ணுக்கு மூன்று.

"எட்டு, மேடம்."

டாக்டர் தலையை ஆட்டினார். அவன் உள்ளங்கையை பேண்டில் துடைத்துக்கொண்டான்.

பக்கங்கள் புரண்டன. முன்னே, பின்னே, மறுபடி முன்னே. அவன் கண் எண்ணைத் தேடவில்லை. மூலைகளைத் தேடியது. எல்லாம் சரியாகவே வந்தது. அந்தப் பக்கம் வராமலே முடிந்துவிடும்போல இருந்தது. டாக்டரின் கை டீயை நோக்கிக்கூடப் போனது.

பிறகு திரும்பி வந்து இன்னொரு பக்கத்தைப் புரட்டியது.

வலது கீழ் மூலை. மூன்று குட்டிப் புள்ளிகள்.

மேலே மின்விசிறி சுற்றும் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

"ம்?"

வேறு வழியில்லாமல் விடையைத் தேடிப் பக்கத்தின் நடுவைப் பார்த்தான்.

இருந்தது.

புள்ளிகளிலிருந்து தானாக எழுந்து நின்றது. ஏழு. அதை ஒட்டி மூன்று. ஜெராக்ஸில் ஒரு துளிகூடத் தெரியாதது, இப்போது சுவரில் பெயின்ட் அடித்த மாதிரி.

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. இதற்கா இவ்வளவு பயந்தோம்? மற்றவர்களுக்கு எல்லாப் பக்கமும் இப்படித்தான் தெரியுமா? அவனுக்கும் ஒன்று தெரிகிறது. அவர்கள் பார்ப்பது அவனுக்கும் தெரிகிறது.

இந்த முறை அவன் நடிக்கவில்லை.

"எழுபத்து மூணு, மேடம்!"

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"என்ன நம்பர்?"

"எழுபத்து மூணு. நல்லாத் தெரியுது, மேடம்." விரலை நீட்டி, புத்தகத்தைத் தொடாமல் காற்றிலேயே ஏழை வரைந்தான். அப்புறம் மூன்றை.

டாக்டர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"மருதை, கொஞ்சம் இங்க வாங்க. இதுல என்ன நம்பர் தெரியுது?"

மருதை குனிந்தார். புத்தகத்தைக் கிட்டே இழுத்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே மேடம். வெறும் புள்ளியால்ல இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் டாக்டர்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது.

பேண்ட் பையில் கைபேசி அதிர்ந்தது. செல்வினாகத்தான் இருக்கும். எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. செல்வின் எதையும் எழுத மறந்திருக்கவில்லை. அந்தக் கோடுதான் விடை; நிறம் பிரிக்கத் தெரிந்த கண்ணுக்கு அங்கே எண்ணே கிடையாது.

எழுபத்து மூன்று இன்னும் அங்கேயே இருந்தது. அவ்வளவு தெளிவாக. அவனுக்கு மட்டும்.